ஓட்டுப் போடாத ஒப்பந்தம்

“போட்டாச்சும்மா” என்று சொல்லிவிட்டார் மால்கம். சொன்ன பிறகுதான் தான் சொன்னது என்ன என்பது அவர் காதிலேயே விழுந்தது.

காலை எட்டரை மணி. ஒரு கையில் போன், மறு கையில் பேக்கன் சாண்ட்விச். போனில் ஹாலந்து, ராட்டர்டாமிலிருந்து மகள் ரேச்சல். பிரசவத்துக்குத் துணையாக மனைவி மோரீனும் அங்கேதான் இருந்தாள்.

“நெஜமாவாப்பா? மேட்டுல ஏறிப் போயா போட்டீங்க?”

“பின்ன? ஓட்டுச் சாவடி எறங்கி வீட்டுக்கா வரும்?”

“ஐயோ, ரொம்ப தேங்க்ஸ்ப்பா. நீங்க போட மாட்டீங்கன்னு அம்மா அடிச்சுச் சொன்னாங்க. ஆகஸ்ட்ல கொழந்த பொறக்கப் போகுது. நாளைக்கு இவங்க ஐரோப்பாவுலேர்ந்து விலகறோம்னு கெளம்பிட்டா, பேரப்பிள்ளையப் பாக்க நீங்க எத்தனை பேப்பர்ல கையெழுத்துப் போடணுமோ! உங்க ஒரு ஓட்டாவது நமக்கு இருக்கட்டும்னு நெனச்சேன்.”

“நீ ஒண்ணும் கவலைப்படாத. வச்சுரட்டுமா?”

வைத்துவிட்டார். சாண்ட்விச்சையும் அப்படியே தட்டில் போட்டார். அவர் ஓட்டுப் போடவில்லை. போடவும் முடியாது. முந்தின நாள் சாயங்காலம்தான் பெர்னியின் கையைக் குலுக்கி, போட மாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருந்தார்.

இது முப்பத்து மூன்று வருஷத்து ஒப்பந்தம். மால்கம் ஸ்டானிஃபோர்த்தும் பெர்னார்ட் க்ராப்பரும் ஷெஃபீல்டில் ஒரே இரும்பாலையில், ஒரே ஷிஃப்டில் வேலை பார்த்தவர்கள். மால்கம் தொழிற்கட்சி. பெர்னி கன்சர்வேடிவ். 1983 தேர்தல் அன்று, கொட்டுகிற மழையில், மேட்டுத் தெருவின் உச்சியில் இருந்த சர்ச் ஹாலுக்கு இருவரும் ஓட்டுப் போட ஏறிக்கொண்டிருந்தார்கள். பாதி வழியில் மூச்சு வாங்கியது. நின்றார்கள்.

“நீ எதுக்குடா ஏறுற?” என்றார் பெர்னி.

“உன் ஓட்டக் கழிக்க. நீ?”

“உன் ஓட்டக் கழிக்க.”

இருவரும் மேலே பார்த்தார்கள். அப்புறம் கீழே பார்த்தார்கள். கீழே ஃபர்னஸ் பப்பின் கதவு திறந்திருந்தது. அங்கேயே கை குலுக்கிக்கொண்டு இறங்கிவிட்டார்கள். அன்றிலிருந்து எந்தத் தேர்தல் வந்தாலும், முந்தின நாள் கை குலுக்கல், மறுநாள் மத்தியானம் பப்பில் ஜன்னலோர மேஜை. இருவரும் ஓட்டுப் போடுவதில்லை.

இந்த மனிதர்களை நினைத்தால் எனக்கு ஆச்சரியமாக இருக்கும். பந்து கோட்டைத் தாண்டியதா இல்லையா என்பதில் ஒருவர் சொல்வதை ஒருவர் நம்ப மாட்டார்கள். மழை பெய்கிறது என்று ஒருவர் சொன்னால் மற்றவர் ஜன்னலைத் திறந்து கையை நீட்டிப் பார்ப்பார். ஆனால் இந்த விஷயத்தில் மட்டும், முப்பத்து மூன்று வருஷத்தில் ஒரு நாள்கூட, ‘நீ திருட்டுத்தனமாகப் போய்ப் போட்டுவிட்டாயா?’ என்று ஒருவரை ஒருவர் கேட்டது கிடையாது. கேட்டால் அதுதான் அவமானம்.

இந்தத் தடவை ஐரோப்பிய யூனியனில் இருப்பதா, விலகுவதா என்ற பொது வாக்கெடுப்பு. மால்கம் இருப்போம் என்கிற கட்சி, பெர்னி விலகுவோம் என்கிற கட்சி. வழக்கம் போல் கை குலுக்கியாயிற்று. இப்போது மகளிடம் பொய்யும் சொல்லியாயிற்று.

‘ஓடிப் போய்ப் போட்டுவிட்டு ஓடி வந்துவிடலாம், ஈ காக்காய்க்குக்கூடத் தெரியாது’ என்று கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பினார் மால்கம்.

நாலு வீடு தாண்டவில்லை. பெர்னி தன் வீட்டு வேலிச்செடியை வெட்டிக்கொண்டிருந்தார்.

“எங்கடா கெளம்பிட்ட?”

“பால் வாங்க.”

“பால் கடை கீழல்ல இருக்கு. நீ மேல போற.”

“நடந்தா ஒடம்புக்கு நல்லதுன்னாங்க.”

“யாரு?”

“பொதுவா.”

பெர்னி கத்தரியைக் கீழே வைத்தார். முழங்கால் வலியோடு விந்தி விந்தி உள்ளே போய், மனைவி வாங்கி வைத்திருந்த ஒரு பால் பாட்டிலோடு வந்தார். “இந்தா, பாலீன் ரெண்டு வாங்கி வச்சிருக்கா. எதுக்கு வீணா ஏறுற? இன்னிக்குப் பாத்து மேல போனா தப்பா நெனைப்பாங்க.”

“யாரு?”

“பொதுவா.”

தேள் கொட்டிய திருடன் மாதிரி, வாயைத் திறக்க வழியில்லாமல், மால்கம் பால் பாட்டிலோடு வீடு திரும்பினார். வேறு வேலை இல்லாததால் அந்தப் பாலில் ஒரு டீ போட்டுக் குடித்தார்.

மத்தியானம் ஃபர்னஸ் பப். ஜன்னலோர மேஜை. அந்த ஜன்னல் வழியே மேட்டுத் தெரு முழுசும் தெரியும். ஓட்டுப் போட ஏறுகிற ஒவ்வொருவரையும் மால்கம் ஏக்கத்தோடு பார்த்துக்கொண்டிருந்தார்.

“திங்கக்கெழம இங்கிலாந்து ஆடின லட்சணத்தப் பாத்தியா?” என்று ஆரம்பித்தார் பெர்னி. “ஸ்லோவாக்கியாவுக்கு எதிரா ஒரு கோல் போட வக்கில்ல. இந்த ஐரோப்பாக்காரங்களோடல்லாம் ஒரே வீட்டுல குடியிருக்கணுங்கற நீ.”

“கோல் போடாம விட்டது நம்ம ஆளுங்க. அதுக்கு ப்ரஸ்ஸல்ஸ்ல உக்காந்து ஐரோப்பாவுக்குச் சட்டம் போடறவன் என்ன பண்ணுவான்?”

“வாழைப்பழம் எவ்வளவு வளையலாம்னு சட்டம் போடறவன், பந்து எவ்வளவு வளையலாம்னும் போட்டிருப்பான்.”

“மூணாவது டிவிஷன்ல பதினோராவது எடத்துல உக்காந்துக்கிட்டு பேச்சைப் பாரு! உங்க யுனைடெட் ஆடறதப் பாக்க டிக்கெட் வேண்டாம்டா, ஆறுதல் சொல்ல ஆள் இருந்தாப் போதும்.”

“நாங்க பதினோராவதுதான். ஆனா போன மாசம் வெம்ப்ளிக்கு ஃபைனல் பாக்க பஸ்ஸுல போயி அழுதுட்டு வந்தது யாரு? டீமுக்கு வெட்னஸ்டே, அதாவது புதன்கெழமைன்னு பேர வச்சுக்கிட்டு சனிக்கெழமை ஆடப் போனா இப்படித்தான்.”

பப்பை நடத்துகிற கிளெனிஸ் கிளாஸ் துடைத்தபடி சிரித்தாள். “ஒருத்தருக்குக் கட்சி சிவப்பு, டீம் நீலம். இன்னொருத்தருக்குக் கட்சி நீலம், டீம் சிவப்பு. உங்க ரெண்டு பேரையும் கலர் பிரிச்சுத் தொவைக்கக்கூட முடியாது, கண்ணு.”

மற்ற நாளாக இருந்தால் மால்கம் இதற்கு நாலு பதில் கொடுத்திருப்பார். அன்று ரேச்சலின் குரல் காதிலேயே இருந்தது. ‘உங்க ஒரு ஓட்டாவது நமக்கு இருக்கட்டும்.’

“பெர்னி, வயிறு ஒரு மாதிரியா இருக்கு. வீட்டுக்குப் போயிட்டு ஒரு அரை மணி நேரத்துல வர்றேன்” என்று எழுந்தார்.

பெர்னியின் முகம் மாறியது. “காலைல என்ன சாப்ட்ட?”

“பெருசா ஒண்ணும் இல்ல. ஒரு டீ.”

“என் பால்ல போட்டதா?”

இதை மால்கம் எதிர்பார்க்கவில்லை. இல்லை என்று சொல்வதற்குள் பெர்னி எழுந்து தொப்பியைத் தலையில் வைத்துவிட்டார். “எந்திரி. டாக்டர்கிட்டப் போகலாம். உனக்கு ஏதாவது ஆச்சுன்னா மோரீனுக்கு நான்தான பதில் சொல்லணும்? பிள்ளப் பேறு பாக்கப் போன எடத்துல அவளுக்கு இந்தச் செய்தியா சொல்றது?”

“நானே போய்க்கறேன்டா. உனக்கு முட்டி வலி.”

“முட்டி என்னோடது. வாய மூடிக்கிட்டு நட.”

டாக்டர் கிளினிக் இருந்தது எங்கே? மேட்டுத் தெருவின் உச்சியில், சர்ச் ஹாலுக்கு அடுத்த கட்டடம். முப்பத்து மூன்று வருஷமாக ஓட்டுக்காகச் சேர்ந்து ஏறாத மேட்டில், ஓட்டுத் தினத்தன்று இருவரும் கைத்தாங்கலாக ஏறினார்கள். நோயாளி நன்றாக நடந்தார். கூட வந்தவர்தான் ஒவ்வொரு விளக்குக் கம்பத்தையும் பிடித்துக்கொண்டு நின்று, முட்டியைத் தடவிக்கொண்டு, “வெட்னஸ்டே கோல் போடறதுக்குள்ள நாம போய்ச் சேந்துருவோம், கவலப்படாத” என்று சிரித்தார். நெற்றியெல்லாம் வியர்வை. மால்கமுக்குத் தன் மேலேயே வெறுப்பாக இருந்தது.

சர்ச் ஹால் வாசலில் ஓட்டுச் சாவடி என்ற பலகை. இருபதடி தூரம்தான். மிட்டாய்க் கடையைப் பார்க்கிற பிள்ளை மாதிரி மால்கம் பார்த்தார். பெர்னி அவர் தோளைப் பிடித்து மறுபக்கம் திருப்பினார்.

“அந்தப் பக்கம் பாக்காதடா. சபலம் வரும்.”

கிளினிக்கில் நர்ஸ் லூர்திஸ், போர்த்துகீசியப் பெண், மால்கமின் வயிற்றை அமுக்கிப் பார்த்தாள். வயிற்றில் ஒன்றுமில்லை. ரத்த அழுத்தம் பார்த்தாள். புருவத்தைத் தூக்கினாள்.

“மனசுல ஏதாவது கவலையா, சார்? யார்கிட்டயாவது எதையாவது மறைக்கறீங்களா?”

“நானா? சேச்சே.”

கருவியில் எண் இன்னும் பத்து ஏறியது. அந்த நேரம் பார்த்து பெர்னி கதவைத் திறந்து தலையை நீட்டி, “எப்படி இருக்கான்?” என்றார். அது நூற்று எண்பதைத் தொட்டது.

“இவரு பேசாமப் படுத்து ரெஸ்ட் எடுக்கணும்” என்றாள் லூர்திஸ், பெர்னியைப் பார்த்து. “தனியா விடாதீங்க. இந்தச் சீட்டுல இருக்கற மாத்திரைய வாங்கி சாயங்காலத்துலேர்ந்து குடுங்க.”

“நான் கூடவே இருக்கேன்ம்மா” என்றார் பெர்னி.

கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதையாகிவிட்டது. மூன்று மணிக்கு மால்கம் தன் வீட்டுக் கட்டிலில், கழுத்து வரை போர்வையோடு படுத்திருந்தார். பக்கத்தில் நாற்காலி போட்டுப் பெர்னி காவல் இருந்தார். டீ போட்டுக் கொடுத்தார், இந்தத் தடவை கடையில் வாங்கிய பாலில். தலையணையைத் தட்டி வைத்தார். அதெல்லாம்கூடப் பரவாயில்லை. பெர்னி பேச ஆரம்பித்ததுதான் மோசம்.

“நெனச்சுப் பாத்தா, வெட்னஸ்டே இந்த வருஷம் நல்லாத்தான் ஆடினாங்க.”

மால்கம் எழுந்து உட்கார்ந்துவிட்டார். இந்த ஊரில் ஒருவனை அவன் சிநேகிதன் வாய்க்கு வந்தபடி வைகிறான் என்றால் எல்லாம் நலம் என்று அர்த்தம். மரியாதையாகப் பேசினால் பாதிரியாரைக் கூப்பிட வேண்டியதுதான்.

“என்னடா சொன்ன?”

“நல்ல டீமுன்னேன். துரதிர்ஷ்டம். ஜெயிச்சிருக்க வேண்டியது.”

“பெர்னி, உண்மையச் சொல்லு. அந்த நர்ஸ் உன்கிட்டத் தனியா ஏதாவது சொன்னாளா?”

“இல்லடா.”

“அப்புறம் ஏன் மரியாதையாப் பேசற?”

“சும்மாதான்” என்று பெர்னி முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஜன்னலைப் பார்த்தபடியே, “அந்த ஹாலந்துக்காரங்களும் நல்ல ஜனங்கதான், பாரு. உன் மாப்பிள்ளை தங்கமான பையன். உன் பொண்ணுக்கு ஒரு கொறையும் வராது. நான் சொல்றேன்” என்றார்.

மால்கமுக்கு, இப்பேர்ப்பட்ட மனிதனை ஏமாற்ற நினைத்தோமே என்று தோன்றியது. அதே நேரத்தில், இப்பேர்ப்பட்ட மகளையும் ஏமாற்றிவிட்டோமே என்றும் தோன்றியது. மணி ஐந்து அடித்தது.

“பெர்னி, மாத்திரை வாங்கணுமே. மருந்துக்கடைய மூடிடப் போறான்.”

“அட, ஆமா!” பெர்னி நாற்காலியைப் பிடித்து எழுந்தார். “பத்து நிமிஷத்துல வந்துடறேன். கட்டில விட்டு எறங்கின, மவனே, காலை ஒடிச்சிருவேன்.”

பழைய பெர்னியின் குரலைக் கேட்டதும் மால்கமுக்கு உயிர் வந்தது. வாசல் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. ஜன்னல் வழியாகப் பார்த்தார். பெர்னி ஒவ்வொரு அடிக்கும் வலது பக்கம் சாய்ந்து சாய்ந்து கீழே இறங்கிக்கொண்டிருந்தார்.

மால்கம் பைஜாமாவின் மேலேயே கோட்டை மாட்டிக்கொண்டு, வீட்டுச் செருப்போடு மேடு ஏறினார். மூச்சு இரைத்தது. சர்ச் ஹாலில் பேரைச் சொன்னார். மேஜைக்குப் பின்னால் இருந்த அம்மாள் பைஜாமாவைப் பார்த்தாள், பார்க்காத மாதிரி சீட்டைக் கிழித்துக் கொடுத்தாள். இந்த நாகரிகத்தை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

தடுப்புக்குள் போனார். கயிற்றில் கட்டிய பென்சில். இரண்டே கட்டம். மேலே ‘இருக்கலாம்’, கீழே ‘விலகலாம்’.

பென்சிலை மேல் கட்டத்துக்குக் கொண்டு போனார். பெர்னி விளக்குக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு முட்டியைத் தடவுவது கண் முன்னால் வந்தது. பென்சில் நின்றுவிட்டது. இவர் போட மாட்டார் என்று நம்பித்தானே பெர்னி தன் ஓட்டை விட்டுக்கொடுத்திருந்தான்? அவன் கீழே மாத்திரை வாங்கிக்கொண்டிருக்கும்போது, இவர் இங்கே அவன் முதுகில் குத்துவதா? சும்மா திரும்பிப் போய்விடலாமா? அப்புறம் ரேச்சலிடம் சொன்னது பச்சைப் பொய்யாகிவிடும். முப்பத்து மூன்று வயசு மகளிடம் அவர் இதுவரை பொய் சொன்னதில்லை, செத்துப்போன நாய்க்குட்டி பண்ணைக்குப் போய்விட்டது என்ற அந்த ஒன்றைத் தவிர.

ஐந்து நிமிஷம் நின்றார். வெளியே யாரோ கனைத்தார்கள்.

அப்போதுதான் அந்த யோசனை வந்தது. வேறெந்த நாட்டுக்காரனுக்கும் வராது. ரேச்சல் கேட்டது என்ன? ஓட்டுப் போட்டாச்சா என்று. எந்தப் பக்கம் என்று அவள் கேட்கவில்லை, கேட்க வேண்டியிருக்கவும் இல்லை. பெர்னிக்குக் கொடுத்த வாக்கு எதற்கு? அவன் ஓட்டை ஏமாற்றிக் கழிக்கக் கூடாது என்பதற்கு. ஆக, பெர்னியின் பக்கமே போட்டுவிட்டால்? மகளிடம் சொன்னது பொய்யில்லை. சிநேகிதனுக்குத் துரோகமில்லை. நஷ்டம் தனக்கு மட்டும். அதைத் தாங்கிக்கொள்ளலாம், வெட்னஸ்டே ரசிகனுக்கு அது பழக்கம்தானே.

கீழ்க் கட்டத்தில் பெருக்கல் குறி போட்டார். ஆகஸ்டில் பிறக்கப் போகிற பிள்ளையிடம் மனசுக்குள் மன்னிப்புக் கேட்டார். சீட்டை மடித்துப் பெட்டியில் போட்டார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இங்கிலாந்துக்காரர் அல்லவா, மூக்குச் சிந்துகிற சாக்கில் துடைத்துக்கொண்டார்.

வெளியே வந்தால் எதிரே பாலீன். பெர்னியின் மனைவி. பள்ளிக்கூடச் சமையலறை வேலை முடித்து, தோளில் பையோடு ஓட்டுப் போட வந்திருந்தாள்.

“மால்கம்! உனக்கு ஒடம்பு சரியில்லன்னு அவரு போன் பண்ணினாரே! பைஜாமாவோட இங்க என்ன பண்ற?”

பொய் சொல்லிச் சொல்லி மால்கமுக்கு அலுத்துவிட்டது. சுவரில் சாய்ந்துகொண்டு, காலையிலிருந்து நடந்ததையெல்லாம் மூச்சு விடாமல் கொட்டிவிட்டார். போன், பால், வயிற்றுவலி, நர்ஸ், பென்சில், எல்லாம்.

“பெர்னிகிட்டச் சொல்லிடாத, பாலீன். முப்பத்து மூணு வருஷ வாக்க மீறி உள்ள போயிட்டேன். ஆனா சத்தியமாச் சொல்றேன், அவன் பக்கம்தான் போட்டேன். ஐரோப்பாவ விட்டு விலகத்தான் போட்டேன்.”

பாலீன் அவரை மேலும் கீழும் பார்த்தாள். பையைத் தரையில் வைத்தாள்.

“கெட்டுது போ! எங்க ஆளு காலைல ஏழு மணிக்கே நொண்டிக்கிட்டு ஏறி வந்து, ‘மால்கம் குடுத்த வாக்க மீற மாட்டான், அவன் பேரப்பிள்ளைக்காக வேற யாரு போடப் போறா’ன்னு உங்க பக்கம் போட்டுட்டுப் போயிட்டாரு.”